புதிய கம்ப்யூட்டரில் பிளைட் சிமுலேட்டர்: எந்த டிரைவில் எதை வைப்பது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் சித்தப்பா மகன் போன் செய்தான். புதிய கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. "அண்ணே, டிஸ்க் ஒரு டிபி. இன்னும் ஒண்ணுமே போடல. ஆனா பிளைட் சிமுலேட்டர் போடப் போனா இடம் பத்தலைன்னு சொல்லுது" என்றான். அடுத்து அவன் கேட்ட கேள்விதான் என்னைப் பதற வைத்தது. "பழைய கம்ப்யூட்டர்ல இருந்த ஹார்ட் டிஸ்க்கையும் இதுலயே மாட்டிக் குடுத்திருக்காங்க. அதை பார்மட் பண்ணிட்டு அதுல போட்டுக்கட்டுமா?"

"எதையும் தொடாதே, நான் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அன்று மாலை வரை அந்தக் கம்ப்யூட்டரில் நாங்கள் செய்த வேலைதான் இந்தக் கட்டுரை. பிளைட் சிமுலேட்டருக்காகப் புதிய கம்ப்யூட்டர் வாங்கியிருப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்றவர்களுக்கும் டிஸ்க்கை எப்படிப் பிரித்து வைப்பது என்பது புரியும். கேம்களிலேயே டிஸ்க்கை மிக அதிகமாக வேலை வாங்கும் ரகம் சிமுலேட்டர் என்பதால், அதற்குச் சரியாக அமைத்துவிட்டால் வேறு எதற்கும் அது போதும்.

டிரைவ் வேறு, பார்ட்டிஷன் வேறு

அவன் கம்ப்யூட்டரில் மை கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். (இப்போது அதன் பெயர் திஸ் பிசி.) சி, டி, இ, எஃப், ஜி என்று ஐந்து டிரைவ்கள் தெரிந்தன. ஆனால் பெட்டிக்குள் இருந்தவை இரண்டே இரண்டு டிஸ்க்குகள்தான். புதிய 1 டிபி எஸ்எஸ்டியை நான்காகப் பிரித்து சி டிரைவுக்கு 120 ஜிபியும் மற்ற மூன்றுக்கும் தலா 270 ஜிபியும் கொடுத்திருந்தார்கள். ஜி என்பது பழைய ஹார்ட் டிஸ்க்.

"ஒரு டிபின்னாங்க, கூட்டிப் பார்த்தா 930 ஜிபிதான் வருது" என்று அவன் குறைப்பட்டுக் கொண்டான். அது ஏமாற்று வேலை இல்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் 1 டிபியை ஒரு லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் கணக்கிடுகிறது. அதனால் 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் தெரியும்.

ஒரே டிஸ்க்கை நான்காகப் பிரிக்கும் பழக்கம் விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்தில் வந்தது. அப்போது வைரஸ் வந்தால் சி டிரைவை மட்டும் பார்மட் செய்து விண்டோஸை மீண்டும் போடுவார்கள். டி டிரைவில் உள்ள பாட்டும் படமும் தப்பிக்கும். அந்தக் காரணம் ஓரளவு இன்றும் செல்லும். ஆனால் மூன்று, நான்காகப் பிரிப்பதால் எந்த லாபமும் இல்லை. ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மீந்து, பெரிய புரோகிராம் எதுவும் எதிலும் நுழையாமல் போகும். அவனுக்கு நடந்ததும் இதுதான். சி டிரைவில் விண்டோஸ் போக மிச்சம் 70 ஜிபி. சிமுலேட்டர் தானாகத் தேர்வு செய்தது அந்த சி டிரைவை.

பார்ட்டிஷன் என்பது ஒரே வீட்டுக்குள் எழுப்பிய தடுப்புச் சுவர். வீடு இடிந்தால் எல்லா அறையும்தான் போகும். இதை மட்டும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் இதற்கு வருகிறேன், ஏனென்றால் இதை நான் ஒரு விலை கொடுத்துத்தான் கற்றுக் கொண்டேன்.

மூன்று வகை டிஸ்க்குகள்

இன்று கடையில் கிடைப்பவை மூன்று வகை.

1. ஹார்ட் டிஸ்க்: உள்ளே தட்டு சுழலும். நிமிடத்திற்கு 7200 சுற்று என்பது வழக்கமான வேகம். பெரிய பைல் ஒன்றைத் தொடர்ச்சியாகப் படித்தால் வினாடிக்குச் சுமார் 150 முதல் 250 எம்பி கிடைக்கும்.

2. சாட்டா எஸ்எஸ்டி: சுழலும் பாகம் எதுவும் கிடையாது. வினாடிக்குச் சுமார் 550 எம்பி. சாட்டா கேபிளின் எல்லையே அவ்வளவுதான்.

3. என்விஎம்இ எஸ்எஸ்டி: மதர்போர்டில் எம்.2 என்ற இடத்தில் நேரடியாகச் செருகப்படும் சிறிய பட்டை. பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வகை வினாடிக்கு 3500 எம்பி வரையும், 4.0 வகை 7000 எம்பி வரையும் கொடுக்கும்.

ஆனால் இந்த எண்கள் முழுக்கதையைச் சொல்வதில்லை. சிமுலேட்டர் படிப்பது ஒரே பெரிய பைலை அல்ல. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறிய பைல்களை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 7200 சுற்று டிஸ்க் ஒரு முறை சுற்ற 8.3 மில்லி வினாடி ஆகும். தேவையான இடம் ஊசிமுனைக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி, அதாவது 4 மில்லி வினாடி. ஊசி நகர்ந்து அந்த வட்டத்தை அடைய இன்னொரு 8 மில்லி வினாடி. ஆக ஒரு பைலைத் தேடிப் பிடிக்கவே 12 மில்லி வினாடி. சிதறிக் கிடக்கும் 10,000 பைல்கள் என்றால் 120 வினாடி, முழுதாக இரண்டு நிமிடம். எஸ்எஸ்டியில் ஒரு பைலை எட்டச் சுமார் 0.1 மில்லி வினாடி போதும். அதே 10,000 பைல்களுக்கு ஒரே வினாடி.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரிவது இதனால்தான். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது அந்த அளவு தெரியாது. படித்த டேட்டாவைப் பிராசஸர் விரித்து எடுக்க வேண்டும், அதற்கு எடுக்கும் நேரம் டிஸ்க் வேகமானாலும் குறையாது. ஆகவே ஏற்கெனவே நல்ல சாட்டா எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

வேகமான டிஸ்க் எதைத் தரும், எதைத் தராது?

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. வேகமான எஸ்எஸ்டி போட்டால் வினாடிக்கு இத்தனை பிரேம் என்ற எண்ணிக்கை உயரும் என்று நினைக்கிறார்கள். உயராது. அது பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டின் வேலை. டிஸ்க் கொடுப்பவை மூன்று விஷயங்கள்: சிமுலேட்டர் சீக்கிரம் திறக்கும், விமான நிலையம் சீக்கிரம் தோன்றும், பறக்கும்போது படம் சட்டென்று நின்று நின்று வருவது குறையும்.

மூன்றாவதற்கு ஓர் உதாரணம். எக்ஸ்பிளேன் சிமுலேட்டர் பூமியை ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி என்ற கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு டிகிரி அட்சம் என்பது சுமார் 111 கிலோமீட்டர். மணிக்கு 240 நாட், அதாவது 444 கிலோமீட்டர் வேகத்தில் நேர் வடக்கே பறந்தால், கால் மணிக்கு ஒரு முறை புதிய கட்டம் தேவைப்படும். திருச்சியிலிருந்து சென்னைக்குப் பறந்தால் 11, 12 ஆகிய அட்சக்கோடுகளையும் 79, 80 ஆகிய தீர்க்கக்கோடுகளையும் தாண்டுவீர்கள். பறந்து கொண்டிருக்கும்போதே சிமுலேட்டர் பின்னணியில் அடுத்த கட்டத்தை டிஸ்க்கிலிருந்து எடுத்தாக வேண்டும். டிஸ்க் திணறினால் விமானம் வானத்தில் ஒரு கணம் குலுங்கி நிற்கும். இறங்கும் நேரத்தில் அது நடந்தால் ஓடுபாதையைத் தவற விட வேண்டியதுதான்.

எத்தனை ஜிபி தேவை?

சிமுலேட்டர்கள் வளர்ந்த வேகத்தைப் பாருங்கள். மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் 2004 நான்கு சிடிக்களில் வந்தது. 2006-ல் வந்த எப்எஸ்எக்ஸ் இரண்டு டிவிடிக்களில் வந்தது. 2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டருக்கு 150 ஜிபி இடம் வேண்டும் என்று அறிவித்தார்கள். ஐரோப்பாவில் அதைப் பெட்டியில் விற்றபோது இரட்டை அடுக்கு டிவிடிக்கள் பத்து இருந்தன!

2024 நவம்பரில் வந்த அடுத்த பதிப்பு வழியை மாற்றிக் கொண்டது. விமானங்களையும் நிலப்பரப்பையும் பெரும்பாலும் இன்டர்நெட் வழியாகத் தேவைப்படும்போது மட்டும் கொண்டு வருகிறது. அதனால் டிஸ்க்கில் 50 ஜிபி போதும் என்கிறார்கள். பதிலுக்கு இன்டர்நெட் வேகம் குறைந்தது 10 எம்பிபிஎஸ், பரிந்துரைப்பது 50 எம்பிபிஎஸ். வெளியான நாளன்று கூட்டம் தாங்காமல் சர்வர்கள் திணறி, பலரால் பறக்கவே முடியாமல் போனதையும் இங்கே சொல்ல வேண்டும். நம் டிஸ்க்கில் இருப்பதற்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் எந்தச் சிமுலேட்டரும் அதே அளவில் நிற்பதில்லை. விமான நிலையங்கள், புதிய விமானங்கள் என்று சேர்த்துக் கொண்டே போவீர்கள். எக்ஸ்பிளேனில் சாட்டிலைட் படங்களை வைத்து நிலப்பரப்பு உருவாக்க ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. அதில் ஜூம் அளவை ஒரு படி கூட்டினால் நீளமும் அகலமும் இரண்டு மடங்காகி, படத்தின் பரப்பு நான்கு மடங்காகும். ஆசையாக இரண்டு படி கூட்டினால் பதினாறு மடங்கு. இதில் மாட்டி ஒரே இரவில் டிஸ்க்கை நிரப்பியவர்களில் நானும் ஒருவன்.

இன்னொரு விஷயம். எஸ்எஸ்டியை முழுவதும் நிரப்பக் கூடாது. நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும். 15 சதவீதமாவது காலியாக விடுங்கள். இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்தால் பிளைட் சிமுலேட்டர் பிரியர்களுக்கு 1 டிபி எஸ்எஸ்டி என்பது தொடக்க அளவு.

எதை எங்கே வைப்பது?

நான் பரிந்துரைக்கும் அமைப்பு இது.

ஒரே ஒரு எஸ்எஸ்டி மட்டும் இருந்தால்: அதை இரண்டாக மட்டும் பிரிக்கவும். 1 டிபியில் சி டிரைவுக்கு 250 ஜிபி, மீதி முழுவதும் டி டிரைவ். சியில் விண்டோஸ், பிரவுசர், ஆபீஸ் முதலியன. டியில் சிமுலேட்டர். இதனால் வேகம் கூடாது. ஆனால் நாளை விண்டோஸை மீண்டும் போட நேர்ந்தால் 150 ஜிபியை மறுபடி டவுன்லோட் செய்ய வேண்டியிருக்காது. சிமுலேட்டரிடம் பழைய போல்டரைக் காட்டினால் சரிபார்த்து எடுத்துக் கொள்ளும்.

இரண்டு எஸ்எஸ்டிக்கள் இருந்தால்: பிரிக்கவே வேண்டாம். சிறியதில் விண்டோஸ், பெரியதில் சிமுலேட்டர்.

கூடவே ஹார்ட் டிஸ்க் இருந்தால்: அதில் சிமுலேட்டரை வைக்க வேண்டாம். டவுன்லோட் செய்த செட்டப் பைல்கள், இப்போது பயன்படுத்தாத விமான நிலையங்கள், நீங்கள் எடுத்த வீடியோக்கள், பேக்கப் ஆகியவற்றுக்கு அது ஏற்றது.

"எஸ்எஸ்டியில் எழுதி எழுதி தேய்ந்து போகாதா?" என்று சிலர் பயப்படுகிறார்கள். 1 டிபி எஸ்எஸ்டி பலவற்றுக்கு 600 டிபி எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். தினமும் 50 ஜிபி எழுதினாலும் அதை எட்ட 12,000 நாட்கள், அதாவது 32 வருடங்களுக்கு மேல் ஆகும். கவலை வேண்டாம். அதேபோல எக்ஸ்பி காலத்து டிபிராக்மென்ட் வேலையையும் எஸ்எஸ்டிக்குச் செய்ய வேண்டாம். அதற்குத் தேவையான பராமரிப்பை விண்டோஸ் தானாகவே செய்து கொள்கிறது.

செய்முறை

இனி வேலைக்கு வருவோம். விண்டோஸ் 11-ஐ வைத்துச் சொல்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

1. விண்டோஸ் கீயை அழுத்திக் கொண்டு எக்ஸ் கீயைத் தட்டவும். தோன்றும் மெனுவில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்பதைக் கிளிக் செய்யவும். உண்மையில் எத்தனை டிஸ்க்குகள் உள்ளன, ஒவ்வொன்றிலும் என்னென்ன பார்ட்டிஷன்கள் உள்ளன என்பது இங்கேதான் தெரியும்.

2. இஎப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற சிறிய கட்டம் எந்த டிஸ்க்கில் உள்ளது என்று பார்க்கவும். கம்ப்யூட்டர் உயிர் பெறுவது அதிலிருந்துதான். அது விண்டோஸ் இருக்கும் அதே டிஸ்க்கில் இருக்க வேண்டும்.

என் தம்பியின் கம்ப்யூட்டரில் இதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. புதிய எஸ்எஸ்டியில் அந்தக் கட்டமே இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் இருந்தது. விண்டோஸ் போட்டவர்கள் இரண்டு டிஸ்க்குகளையும் மாட்டிய நிலையிலேயே போட்டிருக்கிறார்கள். பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த கட்டத்தையே விண்டோஸ் பயன்படுத்திக் கொண்டுவிட்டது. அந்த டிஸ்க் ஒரு நாள் பழுதானால் புதிய கம்ப்யூட்டரும் அன்றே எழுந்திருக்காது.

3. ஆகவே விண்டோஸ் போடும்போது, எந்த டிஸ்க்கில் போடுகிறீர்களோ அதைத் தவிர மற்றவற்றின் கேபிளைக் கழற்றிவிடச் சொல்லவும். எக்காரணம் கொண்டும் இதை விட வேண்டாம். கடையில் செய்தாலும் கேட்டு வாங்கவும்.

4. விண்டோஸ் போட்ட பிறகு, கம்ப்யூட்டரை நிறுத்தி மின் இணைப்பை எடுத்துவிட்டு இரண்டாவது டிஸ்க்கை மாட்டவும். அது புத்தம் புதியது என்றால் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்ததும் இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று கேட்கும். ஜிபிடி என்பதைத் தேர்வு செய்யவும். பழைய எம்பிஆர் முறை 2 டிபிக்கு மேல் உள்ள இடத்தைக் காட்டாது. பிறகு கருப்புப் பட்டையுள்ள காலி இடத்தில் வலது கிளிக் செய்து நியூ சிம்பிள் வால்யூம் கொடுக்கவும். பைல் சிஸ்டம் என்டிஎப்எஸ் ஆக இருக்கட்டும். ஏற்கெனவே பைல்கள் உள்ள டிஸ்க்கில் இதைச் செய்ய வேண்டாம்.

5. ஒரு டிரைவில் இடம் போதவில்லை என்றால் எக்ஸ்டெண்ட் வால்யூம் என்ற வசதி உண்டு. ஆனால் அந்த டிரைவுக்கு அடுத்து வலது பக்கத்தில் ஒட்டியபடி காலி இடம் இருந்தால்தான் அது வேலை செய்யும். பக்கத்து டிரைவை அழித்து இடம் எடுக்க நினைப்பவர்கள், அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு முறை பார்க்கவும்.

6. எம்.2 எஸ்எஸ்டி மாட்டியதும் ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் பதற வேண்டாம். பல மதர்போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 இடத்தைப் பயன்படுத்தினால் ஒன்றிரண்டு சாட்டா இணைப்புகள் செயல்படாது. மதர்போர்டு கையேட்டில் அது எழுதியிருக்கும். கேபிளை வேறு சாட்டா இணைப்பில் மாற்றிச் செருகினால் போதும்.

சிமுலேட்டரை இன்ஸ்டால் செய்யும்போது

சிமுலேட்டருக்கான டிரைவில் ஒரு சிறிய பெயரில் போல்டர் உருவாக்கவும். சியில் உள்ள புரோகிராம் பைல்ஸ் போல்டரில் எக்ஸ்பிளேனைப் போட வேண்டாம். அங்கே பைல்களை மாற்ற விண்டோஸ் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டுத் தொந்தரவு செய்யும். டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ் போல்டர்களிலும் வேண்டாம். அவை ஒன்டிரைவுடன் இணைந்திருந்தால் உங்கள் சிமுலேட்டர் முழுவதையும் இன்டர்நெட்டுக்கு ஏற்றத் தொடங்கிவிடும்.

மைக்ரோசாப்ட் சிமுலேட்டர் 2020 முதல் முறை திறக்கும்போது பேக்கேஜ்களை எந்த போல்டரில் வைக்கலாம் என்று கேட்கும். அவசரத்தில் ஓகே கொடுத்தால் சியில் போய் உட்காரும். நிதானமாக உங்கள் போல்டரைக் காட்டவும். நாமாகச் சேர்க்கும் விமான நிலையங்களும் விமானங்களும் கம்யூனிட்டி என்ற போல்டரில் போகும். புதிய அப்டேட் வந்த பிறகு சிமுலேட்டர் தகராறு செய்தால், அந்தப் போல்டரில் உள்ளவற்றை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துப் பாருங்கள்.

இதிலேயே ரோலிங் கேஷ் என்ற வசதி உண்டு. இன்டர்நெட்டிலிருந்து வந்த நிலப்பரப்பை ஒரு பைலில் சேமித்து வைத்து, அதே இடத்தில் மறுபடி பறக்கும்போது அங்கிருந்து எடுத்துக் கொள்ளும். அதன் அளவையும் இடத்தையும் செட்டிங்கில் மாற்றலாம். அடிக்கடி ஒரே பகுதியில் பறப்பவர்கள் அளவைக் கூட்டி வைக்கலாம். ஆனால் எஸ்எஸ்டியில்தான் வைக்க வேண்டும்.

எக்ஸ்பிளேன் பயன்படுத்துவோருக்கு ஓர் எளிய வழி. நிலப்பரப்பு போல்டர்களை வேறொரு டிரைவில் வைத்துவிட்டு, அவற்றின் ஷார்ட்கட்டை மட்டும் கஸ்டம் சீனரி போல்டரில் வைத்தால் போதும். சிமுலேட்டர் அதைப் புரிந்து கொள்ளும்.

நான் தொலைத்தது

இவ்வளவும் வேகத்தையும் இடத்தையும் பற்றியது. எனக்கு இவற்றைவிட முக்கியமானது வேறு.

2016-ல் நான் இன்ஜினியரிங் படித்துக் கொண்டிருந்தபோது எப்எஸ்எக்ஸில் பறப்பேன். அதில் எங்கள் திருச்சி விமான நிலையம் ஓர் ஓடுபாதையும் ஏதோ ஒரு கட்டடமுமாக இருக்கும். அதை நிஜம்போலச் செய்து விட வேண்டும் என்று ஆசை. செமஸ்டர் லீவில் அப்பாவின் டிவிஎஸ் 50-ல் இருவரும் புதுக்கோட்டை ரோட்டில் போய், வெளியிலிருந்து தெரிகிற கட்டடம், தண்ணீர்த் தொட்டி, கடைகள், தூரத்தில் பொன்மலை என்று படம் எடுத்தோம். நான் படம் எடுக்க, அப்பா ஜன்னல்களை எண்ணிப் பழைய டைரியில் குறித்தார். இரண்டு லீவுகளில் மாடல் தயாரானது. சிமுலேட்டரில் நான் முதலில் இறங்கிக் காட்டியபோது, "தண்ணித் தொட்டி அந்தப் பக்கம்டா" என்று அப்பா திருத்தினார்.

எல்லாவற்றையும் இ டிரைவில் வைத்திருந்தேன். பத்திரத்துக்காக டி டிரைவில் ஒரு காப்பி. பேக்கப் எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சி, டி, இ மூன்றும் ஒரே 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2018-ல் ஒரு காலை அதிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. மதியத்துக்குள் மூன்று டிரைவ்களும் சேர்ந்தே போய்விட்டன. மீட்டுத் தருகிறேன் என்று வாங்கியவரும் ஒரு வாரம் கழித்துக் கையை விரித்துவிட்டார்.

புதிய டிஸ்க் வாங்கி, இரண்டு டிவிடிக்களையும் போட்டு அன்று இரவே எப்எஸ்எக்ஸைத் திரும்பக் கொண்டு வந்தேன். விண்டோஸ் வந்தது, விமானங்கள் வந்தன. வராதது 600 எம்பி அளவுள்ள அந்த ஒரு போல்டரும் நானூறு மணி நேரம் பறந்த லாக் புக்கும்தான். மறுபடி படம் எடுத்துக் கொள்ளலாம் என்று ஒவ்வொரு லீவிலும் நினைப்பேன். 2024 ஜூனில் திருச்சியில் விமானப் போக்குவரத்து புதிய டெர்மினலுக்கு மாறியது. அப்பாவின் டைரி அதற்கு முன்பே வீடு மாறியதில் போய்விட்டது.

அன்றிலிருந்து டிஸ்க்கில் எதை வைத்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்டுக் கொள்கிறேன்: இது போனால் திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வேகமான டிஸ்க்கில் ஒரே பிரதியாக இருக்கட்டும். கிடைக்காது என்றால் அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மூன்று இடத்தில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள் ஒன்று, தனியே கழற்றி வைக்கும் யுஎஸ்பி டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. மூன்றாவது கிளவுடாக இருக்கலாம், உறவினர் வீட்டில் கொடுத்து வைத்த டிஸ்க்காகவும் இருக்கலாம்.

சிமுலேட்டரில் இப்படித் திரும்பக் கிடைக்காதவை கொஞ்சம்தான். நீங்களே செய்த விமான நிலையம், லாக் புக், ஜாய்ஸ்டிக் பட்டன் அமைப்புகள், நீங்கள் பிடித்த படங்கள். எக்ஸ்பிளேனில் அவுட்புட் என்ற போல்டரைக் காப்பி செய்தால் லாக் புக்கும் அமைப்புகளும் வந்துவிடும். மாதம் ஒரு முறை ஐந்து நிமிட வேலை.

அன்று மாலை

தம்பியின் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். சித்தப்பாவின் கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்த படங்கள், இவன் முதன்முதலில் நடந்த வீடியோ, பாட்டியின் சஷ்டியப்தபூர்த்தி. மொத்தம் 83 ஜிபி. வேறு எங்கும் காப்பி கிடையாது. இதைத்தான் அவன் காலையில் பார்மட் செய்யட்டுமா என்று கேட்டான்.

முதலில் அவற்றை என் யுஎஸ்பி டிஸ்க்கில் காப்பி செய்து, நாலைந்து படங்களையும் வீடியோவையும் திறந்து சரிபார்த்தோம். பிறகு ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியில் இருந்த நான்கு பார்ட்டிஷன்களையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். சி 250 ஜிபி, மீதி டி. பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினோம். இப்போது அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் எழுந்து கொள்ளும்.

சிமுலேட்டர் டவுன்லோட் ஆகிக் கொண்டிருந்தபோது சித்தி காபி கொண்டு வந்தார். பாட்டியின் படம் திரையில் இருந்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து விட்டார். அடுத்த ஒரு மணி நேரம் யாரும் விமானத்தைப் பற்றிப் பேசவில்லை.

நீங்களும் புதிய கம்ப்யூட்டர் வாங்கியிருந்தால் இன்றே டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பாருங்கள். எத்தனை எழுத்துக்கள் தெரிகின்றன என்று எண்ண வேண்டாம், எத்தனை டிஸ்க்குகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். பிறகு, ஒரே டிஸ்க்கில் மட்டும் இருக்கும் உங்கள் போல்டர் எது என்று தேடி, சிமுலேட்டரை இன்ஸ்டால் செய்யும் முன் அதை வேறொரு டிஸ்க்கில் காப்பி செய்து விடுங்கள்.